பழுதும் பொறுப்பும்

அரியலூரைத் தாண்டித் திருச்சி செல்லும் ரயில், மருதையாற்றுப் பாலத்தின் மீது ஏறும்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்ப்பதைச் சிறுவயதில் நான் கவனித்திருக்கிறேன். காரணம் பின்னர்தான் தெரிந்தது. 1956 நவம்பர் 23 அதிகாலையில், பெருவெள்ளம் அரித்துவிட்ட அந்தப் பாலத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அமைச்சர் ஒருவர் பொறுப்பேற்பதற்கு இலக்கணமாக இன்றும் அந்த நிகழ்வையே சுட்டுகிறோம்.

பொறுப்பேற்பது என்பதற்கு இன்னொரு பாதியும் உண்டு. நேர்ந்த பழுது என்ன, அது ஏன் நேர்ந்தது, மீண்டும் நேராதிருக்க என்ன செய்ய வேண்டும் என்று அமைதியாகத் தேடிக் கண்டறிவதே அந்தப் பாதி. பதவி விலகல் நம் நினைவில் நிற்கிறது. தேடிக் கண்டறிவது நிற்பதில்லை. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி எண்ணும்போதெல்லாம், அரியலூர் விபத்துக்கு ஏழரை ஆண்டுகளுக்கு முன்பு, ஒருவரும் உயிரிழக்காத ஒரு சிறிய விமான நிகழ்வு எனக்கு நினைவுக்கு வரும். அந்த விமானத்தில் பயணம் செய்தவர் சர்தார் வல்லபபாய் படேல்.

1949 மார்ச் 29. துணைப் பிரதமரும் உள்துறை அமைச்சருமான படேல், தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்டார். ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிகானீர், ஜெய்சால்மர் ஆகிய சமஸ்தானங்களையும் உள்ளடக்கிய பெரிய ராஜஸ்தான் ஒன்றியத்தை மறுநாள் அவர் தொடங்கிவைக்க வேண்டும். மகள் மணிபென்னும் பட்டியாலா மகாராஜாவும் உடன் சென்றனர். இந்திய விமானப் படைக்குச் சொந்தமான டவ் வகை விமானம் அது. இரண்டு என்ஜின்களுடன், பத்துப் பேர் அளவில் அமரக்கூடிய சிறிய விமானம். தாழ்வாகவே பறக்க வேண்டும் என்று விமானிக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது.

வழியில் ஓர் என்ஜின் திறன் இழந்தது. சிறிய விமானத்தில் என்ஜின் பழுதடைந்தால் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும். உயரம் குறைகிறதே என்ற பதற்றத்தில் மூக்கை மேல்நோக்கி இழுத்தால் வேகம் குன்றும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே சென்றால் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். எனவே வேகத்தைக் காப்பதே முதற்பணி. அடுத்து, இறங்குவதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகுதான் பழுதின் காரணத்தைத் தேடுவதும், ரேடியோவில் செய்தி சொல்வதும். உலகெங்கும் விமானிகளுக்கு இந்த வரிசையே கற்பிக்கப்படுகிறது. மனிதர் இயல்பாகச் செய்ய விரும்புவது இதற்கு நேர்மாறானது. முதலில் கூவி அழைக்கத் தோன்றும், அடுத்துக் காரணம் தேடத் தோன்றும், பறப்பதே மறந்துபோகும்.

விமானிக்கு உயரம் என்பது கால அவகாசம். பல ஆயிரம் அடி உயரத்தில் பழுது நேர்ந்தால் யோசிப்பதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். தாழ்வாகப் பறக்கையில் அவை கிடையா. படேலின் விமானிக்கு வாய்த்தது குறுகிய அவகாசமே. அவர் ராஜஸ்தானத்தின் வறண்ட நிலப்பரப்பில் விமானத்தை இறக்கினார். உள்ளே இருந்த அனைவரும் உயிர் தப்பினர்.

ஆனால் அந்தச் செய்தி தில்லிக்குத் தெரியவில்லை. விமானத்தில் இருவகை ரேடியோக்கள் இருந்தன. மிகை அதிர்வெண் ரேடியோவின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. தாழ்வாகப் பறக்கும் விமானத்திலிருந்து அவை தொலைவிலுள்ள நிலையத்தை எட்டா. தொலைதூரம் எட்டக்கூடிய உயர் அதிர்வெண் கருவி ஒன்றும் இருந்தது. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் எவரும் அன்றைய விமானக் குழுவில் இல்லை. ஆகவே, நாட்டின் துணைப் பிரதமர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நிலை தலைநகரில் நிலவியது. மகாத்மா காந்தி மறைந்து பதினான்கு மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. தில்லி எத்தகைய அச்சத்தில் ஆழ்ந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

படேல் குழுவினர் அருகிலிருந்த கிராமம் ஒன்றைத் தேடிக் கண்டு, உள்ளூர் அதிகாரிகளை அடைந்தனர். மறுநாள் குறித்தபடி ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் ஒன்றியத்தைப் படேல் தொடங்கிவைத்தார். தில்லி திரும்பியபோது ஆயிரக்கணக்கானோர் அவரை வரவேற்றனர். அவையில் உறுப்பினர்கள் எழுந்து நின்று எழுப்பிய ஆரவாரம் ஓய நெடுநேரம் ஆயிற்று.

எழுபத்து மூன்று வயதில், நலிந்த இதயத்துடன் இருந்த ஒருவர், வானிலிருந்து பொட்டல்வெளியில் இறங்கிய மறுநாளே அலுவலைத் தொடர்ந்தது எப்படி? அவருடைய வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

1875 அக்டோபர் 31 அன்று குஜராத்தின் நடியாதில், கரம்சத் கிராமத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர் படேல். இருபத்திரண்டாம் வயதில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். கோத்ராவிலும் போர்சத்திலும் வழக்குரைஞராகத் தொழில் செய்து, இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆவதற்காகப் பணம் சேர்த்தார். பயண ஆவணங்கள் வி.ஜே. படேல் என்ற பெயரில் வந்தன. அண்ணன் விட்டல்பாய்க்கும் அதே முதலெழுத்துகள். மூத்தவன் முதலில் போகட்டுமே என்று அண்ணன் கேட்க, தம்பி விட்டுக்கொடுத்தார். தாம் லண்டன் சென்றது 1910-இல், ஏறத்தாழ முப்பத்தைந்து வயதில்.

அதற்கு முந்தைய ஆண்டு மனைவி ஜவேர்பா பம்பாயில் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். அந்தத் தந்தி வந்தபோது படேல் நீதிமன்றத்தில் சாட்சி ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு விசாரணையை முடித்தார். அதன் பிறகே மற்றவர்களுக்குச் செய்தி தெரிந்தது. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை நம்பிக் கூண்டில் நின்ற கட்சிக்காரரின் வாழ்வு அந்தக் குறுக்கு விசாரணையைச் சார்ந்திருந்தது. அந்த நேரத்தில் கையிலிருந்த கடமையை முதலில் வைத்தார். துயரம் அடுத்து வந்தது. மறுமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து மறைந்தவர் அவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1913-இல் நாடு திரும்பி, அகமதாபாத்தின் பெயர்பெற்ற வழக்குரைஞரானார். 1917-இல் நகராட்சி உறுப்பினராகவும், 1924 முதல் 1928 வரை அதன் தலைவராகவும் இருந்து, கழிவுநீர், குடிநீர், துப்புரவு ஆகியவற்றில் கவனம் செலுத்தினார். 1927-இல் குஜராத்தைப் பெருமழையும் வெள்ளமும் சூறையாடியபோது துயர்துடைப்புப் பணிகளை அவர் ஒழுங்குபடுத்திய விதம், அரசே வியக்கும்படி இருந்தது. புகழ் சேர்க்காத நகராட்சிப் பணியில் நாட்டின் பிற்கால உள்துறை அமைச்சர் பயிற்சி பெற்றார் என்பது உள்ளாட்சியைத் துச்சமாக நினைப்போர் அறிய வேண்டிய செய்தி.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது 1928-ஆம் ஆண்டு பர்தோலி போராட்டம். சூரத் மாவட்டத்தின் பர்தோலி வட்டத்தில் நிலவரியை 30 விழுக்காடு உயர்த்தலாம் என்று அதிகாரி ஒருவர் பரிந்துரைத்தார். அரசு 22 விழுக்காடு என்று முடிவு செய்தது. உழவர்கள் வரி கொடுக்க மறுத்தனர். நிலங்களும் கால்நடைகளும் பறிமுதல் செய்யப்பட்டன. படேலின் தலைமையில் கிராமங்கள் அசையாது நின்றன. சர்தார் என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது அப்போதுதான்.

அந்தப் போராட்டத்தில் படேல் முன்வைத்த கோரிக்கையைக் கவனிக்க வேண்டும். வரியே கூடாது என்று அவர் கேட்கவில்லை. வரி உயர்வுக்கு அடிப்படையான கணக்கு சரியா என்பதை நடுநிலையாளர்கள் ஆராய வேண்டும் என்றே கேட்டார். இறுதியில் அரசு இசைந்தது. புரூம்ஃபீல்டு, மாக்ஸ்வெல் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் கிராமங்களுக்கே சென்று விசாரித்தனர். உயர்வைப் பரிந்துரைத்த அதிகாரி நம்பியிருந்த குத்தகைப் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டனர். 22 விழுக்காடு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்தது. அரசின் தவற்றை அரசின் அதிகாரிகளே ஆராய்ந்து சொல்ல முடியும், முறையாக விசாரித்தால் உண்மை வெளிப்படும் என்ற நம்பிக்கையின் மீதே அந்தப் போராட்டம் முழுவதும் நின்றது.

விடுதலைக்குப் பின் சமஸ்தானங்களை இணைத்த கதை எல்லோரும் அறிந்தது. ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட அரசுகளை, செயலாளர் வி.பி. மேனனின் துணையோடு அவர் ஒன்றிணைத்தார். எங்கள் ஊர்களுக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர் தம் அரசை ஒப்படைத்து, அந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3 அன்று. ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல், ஒரு சமஸ்தானம் எங்கள் மாவட்டத்தின் பகுதியாயிற்று.

அதற்கு இரண்டு நாள்கள் கழித்து, மார்ச் 5 அன்று, படேலுக்குக் கடுமையான மாரடைப்பு ஏற்பட்டது. அது முதல் அவருடைய வேலை நேரத்தையும் பயணத்தையும் மருத்துவர்கள் கட்டுப்படுத்தினர். மணிபென் நிழலாக உடனிருந்தார். தம் உடல் எந்த நேரமும் கைவிடக்கூடும் என்பதை அறிந்தே அவர் அடுத்த இரண்டரை ஆண்டுகளையும் கழித்தார். ஹைதராபாத் இணைப்பும் ராஜஸ்தான் ஒன்றியமும் அந்தக் காலத்தவை.

அந்த ஆண்டுகளில் அவர் விடாப்பிடியாக வாதாடிப் பெற்ற ஒன்று உண்டு: அகில இந்தியப் பணிகள். ஆங்கிலேயர் காலத்து ஆட்சிப் பணியின் மீது காங்கிரஸ்காரர்கள் பலருக்கும் கசப்பு இருந்தது. அவர்களைச் சிறையிலிட்ட அதிகாரிகள் அல்லவா? படேலும் சிறையில் இருந்தவரே. ஆயினும், விமானம் தரையிறங்கிய அதே 1949-ஆம் ஆண்டின் அக்டோபரில், அச்சமின்றி உண்மையை எடுத்துரைக்கும் அதிகாரிகளுக்கு அரசமைப்புச் சட்டம் பாதுகாப்பளிக்க வேண்டும் என்று அவர் அரசமைப்பு அவையில் வாதிட்டார். தாம் இல்லாதபோதும் அரசு இயங்க வேண்டும் என்று திட்டமிட்டவரின் செயல் அது. 1950 டிசம்பர் 15 அன்று பம்பாயில் அவர் மறைந்தார். அவர் உருவாக்கிய அமைப்பு நின்றது.

இனி, அந்த விமானத்துக்கு வருவோம். அனைவரும் பிழைத்துவிட்டனர், விழாவும் நடந்துவிட்டது, நாடாளுவோர் மகிழ்ந்தனர். தெய்வச் செயல் என்று கைகூப்பி, கோப்பை மூடிவிட எல்லாக் காரணமும் இருந்தது. அப்படி மூடப்படவில்லை. விமானப் படை ஒரு விசாரணை மன்றத்தை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் குரூப் கேப்டன் பிரதாப் சந்திர லால். 1971 போரின்போது விமானப் படைத் தளபதியாக இருந்தவர் இவரே. என்ஜினுக்கு எரிபொருள் போய்ச் சேராமல் தடைப்பட்டதே தரையிறங்க நேர்ந்ததற்குக் காரணம் என்று மன்றம் கண்டறிந்தது. விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோவது வேறு. இருக்கும் எரிபொருள் என்ஜினை எட்டாதது வேறு.

என்ஜின் பழுது என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தால், இயந்திரத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு அனைவரும் வீடு திரும்பியிருக்கலாம். நடந்தவற்றைக் கோத்துப் பார்த்தால் தெரிவது ஒரு தொடர். எரிபொருள் தடைப்பட்டது. தாழ்வாகப் பறந்ததால் விமானிக்கு அவகாசம் குறைந்தது. அதே தாழ்வால் ஒரு ரேடியோ பயனற்றுப் போயிற்று. பயிற்சி பெற்ற ஆள் இல்லாததால் மற்றொன்றும் வாய்மூடிக் கிடந்தது. இவற்றுள் எதுவும் தனித்து நின்றால் சிறியது. தாழ்வாகப் பறக்கச் சொன்னதுகூடப் பயணியின் நலன் கருதிய முடிவாகவே இருந்திருக்கும். அவை ஒரே மாலையில் ஒன்றுகூடியபோது ஒரு நாடே மூச்சடக்கி நின்றது.

விமானத் துறை இந்தப் பாடத்தை உலக அளவில் ஏற்றுக்கொண்டது. 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பு 1951-இல் ஏற்கப்பட்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவது அதன் வேலையன்று என்பதே அதன் சாரம். குற்றம் செய்தவரைத் தண்டிக்க நீதிமன்றம் தனியே உண்டு. இந்தப் பிரிவினை ஏன் தேவை என்பதைப் பொருளியல் எளிதில் விளக்கும். உண்மையைச் சொன்னால் தண்டனை மட்டுமே கிடைக்கும் என்றால், தகவல் வைத்திருப்பவர் அதை மறைப்பார். மறைக்கப்பட்ட தகவலின் விலையை அடுத்த விபத்தில் மாட்டுபவர் செலுத்துவார்.

அந்த விலையை எங்கள் பகுதி நாள்தோறும் செலுத்துகிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து சிமென்ட் ஆலைகளுக்கும், ஆலைகளிலிருந்து வெளியூர்களுக்கும் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. பெரம்பலூர் வழியே சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. இவ்விரண்டு சாலைகளிலும் உறவினரையோ அறிந்தவரையோ இழக்காத குடும்பம் எங்கள் ஊர்களில் அரிது. நான் பணியில் இருந்த காலத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர், கல்லூரிக்கு இருசக்கர வாகனத்தில் வரும் வழியில், ஒரு வளைவில் லாரி மோதி இறந்தார். லாரி ஓட்டுநரின் கவனக்குறைவு என்று வழக்கு முடிந்தது. அந்த ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உறங்காமல் ஓட்டினார், ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று அவருக்கு யார் விதித்தார், அந்த வளைவில் எச்சரிக்கைப் பலகை ஏன் இல்லை, அதே இடத்தில் முன்பு எத்தனை பேர் விழுந்தனர் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வகுப்பில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு பாடத்தைத் தொடர்ந்தேன். நானும் கேட்கவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

தவறு செய்த ஓட்டுநரைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனையோடு கதை முடிந்துவிடக் கூடாது என்கிறேன். மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் உள்ளன. உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்தையும் சாலைப் பொறியாளர், காவல் அதிகாரி, மருத்துவர், வாகன ஆய்வாளர் ஆகியோர் சேர்ந்து ஆராய்ந்து, எந்தெந்தச் சிறு தவறுகள் ஒன்றுகூடின என்பதை எழுதி, அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கலாம். அதே இடத்தில் ஓராண்டுக்குள் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதையும் அடுத்து வெளியிடலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எச்சரிக்கைப் பலகைக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை, குடும்பத்தின் சம்பாத்தியக்காரர் இறந்தபின் அந்தக் குடும்பம் இழக்கும் வாழ்நாள் வருவாயோடு ஒப்பிட்டால், கணக்கு தெரியாதவருக்கும் விடை விளங்கும்.

யாரும் சாகாத விபத்துகளையும் இவ்வாறு ஆராய வேண்டும். படேலின் விமானம் நமக்குச் சொல்லும் முதன்மையான செய்தி இதுவே என்று நினைக்கிறேன். தப்பித்தோம் என்ற நிம்மதியில் மறந்துவிடுகிற நிகழ்வுகளில்தான் அடுத்த பேரிழப்பின் தடயங்கள் கிடக்கின்றன. லாரியின் பிரேக் பிடிக்காமல் வேலியில் மோதி நின்ற நாளிலேயே விசாரித்தால், அடுத்த நாள் ஒரு பள்ளிப் பிள்ளை காப்பாற்றப்படலாம்.

அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருவானது 2007 நவம்பர் 23 அன்று. ரயில் கவிழ்ந்த அதே தேதி. அது தற்செயலே என்றாலும், ஆண்டுதோறும் அந்த நாளில் மாவட்ட நிர்வாகம் அவ்வாண்டின் விபத்துகளைப் பற்றிய தன் ஆய்வறிக்கையை மக்கள் முன் வைக்கலாம். மருதையாற்றில் மாண்டவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.